மரபு உலா, நாடகம், கண்காட்சி: சிங்கப்பூரில் குழுவாகப் போய் நட்பு வளர்ப்பது எப்படி?

பொங்கோல் மதி:
வணக்கம். பத்துப் பன்னிரண்டு தமிழர்களைச் சேர்த்து ஒரு குழு தொடங்கும் எண்ணம். மரபு உலா, நாடகம், அரும்பொருளகம் என்று சேர்ந்து போக வேண்டும். வேலையும் வீடும் தவிர வேறு மனிதர்களே இல்லாமல் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாலு நண்பர்கள் அமைந்தால் போதும், அதுதான் நோக்கம். ஆனால் இப்படித் தொடங்கும் குழுக்கள் மூன்றாம் மாதமே வாடிவிடுகின்றன. எத்தனை பேர், எந்தக் கிழமை, முதல் உலா எங்கே, காசை எப்படிப் பிரிப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேக்கா நடையன்:
முதலில் நேரக் கணக்கைப் பாருங்கள். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. முன்பின் அறியாத இருவர் சாதாரண நண்பர்களாவதற்கு ஏறத்தாழ 50 மணி நேரம், நல்ல நண்பர்களாவதற்கு 90 மணி நேரம், நெருங்கிய நண்பர்களாவதற்கு 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று அதில் மதிப்பிட்டார். அமெரிக்காவில் எடுத்த கணக்கு என்றாலும் குழு நடத்துபவருக்கு உதவும். மாதம் ஒரு உலா, மூன்று மணி நேரம் என்று வைத்தால் ஆண்டுக்கு 36 மணி நேரம்தான். ஒருமுறைகூடத் தவறாமல் வந்தவருக்கும் 50 எட்டாது. மாத உலாக் குழுக்கள் ‘முகம் தெரியும், பெயர் மறந்துபோச்சு’ என்ற நிலையிலேயே நின்றுபோவது இதனால்தான்.

மாதம் இரண்டு முறை, டீ குடிக்கும் நேரத்தையும் சேர்த்து நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 96 மணி நேரம். பாதி தவறினாலும் 48 மிஞ்சும், 50 பக்கத்தில் வந்துவிடும். அதனால் மாதத்தின் முதல் ஞாயிறு பெரிய உலா, மூன்றாம் ஞாயிறு செலவில்லாத சிறு சந்திப்பு என்று வையுங்கள். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் தமிழ்ப் புத்தக அடுக்குப் பக்கம் கொஞ்ச நேரம், பிறகு கீழே இறங்கிக் கோப்பி. சிறு சந்திப்புக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

இரண்டாவது, ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப வர வேண்டும். ‘யார் வேண்டுமானாலும் வரலாம்’ என்று ஒவ்வொரு உலாவையும் திறந்துவிட்டால் ஒவ்வொரு முறையும் புது முகங்கள், ஒவ்வொரு முறையும் ‘நீங்க எந்த ஊரு?’வில் இருந்து தொடங்க வேண்டும். ஆறு உலாக்களை ஒரு தொடராக அறிவித்து, முழுத் தொடருக்கும் பெயர் பதியச் சொல்லுங்கள். புதியவர்களை அடுத்த தொடரில் சேர்த்துக்கொள்ளலாம்.

எண்ணிக்கை: 14 பெயர் எடுங்கள், 9 அல்லது 10 பேர் வருவார்கள். 12க்கு மேல் போனால் சாலை விளக்கில் குழு இரண்டாகப் பிரியும், சாலையோரம் பேசுவது பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காது, உணவங்காடி நிலையத்தில் சேர்ந்தாற்போல் மேசை கிடைக்காது. 6க்குக் கீழே போனால் ஒருவர் வராவிட்டாலும் சபை வெறிச்சோடும்.

ஆவணக்காரி:
முதல் உலாவுக்குத் தெலுக் ஆயரும் சவுத் பிரிட்ஜ் ரோடும் போதும். தமிழர், சீனர், இந்து, முஸ்லிம் எல்லோருடைய கதையும் ஒரு கிலோமீட்டர் சுற்றுக்குள் அடங்கிவிடும்.

தெலுக் ஆயர் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் காலை 8.30க்குக் கூடுங்கள். தெலுக் ஆயர் ஸ்திரீட் வழியே நடந்தால் முதலில் நாகூர் தர்கா, 1828க்கும் 1830க்கும் இடையே கட்டியது. ஞாயிற்றுக்கிழமை உள்ளே இருக்கும் காட்சிக்கூடத்தை நம்பி வர வேண்டாம், வெளியில் நின்று பார்ப்பதாகவே திட்டமிடுங்கள். அதை ஒட்டிய தெலுக் ஆயர் கிரீனில் நிழல் உண்டு, குடியேறிகளின் வெண்கலச் சிலைகள் உண்டு. குழுவாக நின்று பேச நல்ல இடம். அடுத்து தியான் ஹோக் கெங், ஹொக்கியன் சமூகத்தார் 1839 முதல் 1842 வரை கட்டிய கோயில். அதையும் தாண்டினால் அல் அப்ரார் பள்ளிவாசல். 1827இல் கூரைக் குடிசையாகத் தொடங்கியது, ‘குச்சுப் பள்ளி’ என்று அன்றைய தமிழ் முஸ்லிம்கள் அழைத்தது. இந்த மூன்றும் ஒரு காலத்தில் கடலைப் பார்த்து நின்றவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்த பிறகுதான் கரை தள்ளிப்போனது. இதைச் சொன்னவுடன் எல்லோரும் சாலையின் மறுபக்கத்தைத் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கிருந்துதான் பேச்சு சூடுபிடிக்கும்.

பிறகு ஆன் சியாங் ஹில் படியேறி சவுத் பிரிட்ஜ் ரோட்டுக்கு வரலாம். தள்ளுவண்டியோ முழங்கால் வலியோ உள்ளவர்கள் குழுவில் இருந்தால் படியை விட்டுவிட்டுக் கிராஸ் ஸ்திரீட்டில் சுற்றி வாருங்கள். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் தென்னிந்திய முஸ்லிம்களான சூலியாக்கள் 1826இல் நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசல், இரண்டு நிமிட நடையில் 1827இல் நாராயண பிள்ளை தொடங்கிய ஸ்ரீ மாரியம்மன் கோயில்.

மாரியம்மன் கோயிலிலும் பள்ளிவாசல்களிலும் காலணி கழற்ற வேண்டும். கயிறு கட்டும் ஷூ போட்டு வந்தால் அந்த ஒவ்வொரு வாசலிலும் ஐந்து நிமிடம் போகும். முழங்கால் மறையும் உடை, பெண்களுக்கு ஒரு துப்பட்டா, ஆளுக்கு ஒரு குடை, ஒரு தண்ணீர்ப் போத்தல்.

கிராஞ்சி செல்வம்:
வழி நல்லா இருக்குங்க, நேரம்தான் இடிக்குது. ஞாயிறு வைக்கிறதே வேலை அனுமதியில இருக்கிற தம்பிமாரும் வரணும்னுதானே? அவங்க துவாஸ்லயும் கிராஞ்சியிலயும் விடுதியில இருக்காங்க. துணி துவைச்சு, சமையல் பண்ணி வச்சுட்டு, பஸ் பிடிச்சு எம்ஆர்டிக்கு வந்து தெலுக் ஆயர் போய்ச் சேர ஒண்ணரை மணி நேரம் ஆகும். 8.30ன்னு போட்டா அவங்க ஒருத்தரும் வரமாட்டாங்க.

இன்னொண்ணு, மாரியம்மன் கோயில் மதியம் 12 மணிக்கு நடை சாத்தி, சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் திறப்பாங்க. கடைசியா வச்சா, வழியில பேச்சு நீண்ட அன்னிக்கு வாசல்ல நின்னு கும்பிட்டுட்டுத் திரும்பணும். பதினோரு மணிக்கு மேல வெறும் காலோட கோயில் முற்றத்துல நடக்கிறதும் கஷ்டம், தரை சுடும்.

அதனால அப்படியே திருப்பிப் போடுங்க. 9.30க்கு சைனாடவுன் எம்ஆர்டி, பகோடா ஸ்திரீட் பக்க வாயில். முதல்ல மாரியம்மன், அடுத்து ஜாமிஆ, பிறகு மலை இறங்கி அல் அப்ரார், தியான் ஹோக் கெங், நாகூர் தர்கா. 11.45க்கு தெலுக் ஆயர் ஸ்டேஷன்ல முடியும். லுஹர்ங்கிற மதியத் தொழுகைக்கு முன்னாடியே ரெண்டு பள்ளிவாசலும் பார்த்தாச்சு. அங்க டௌன்டவுன் பாதையில ஏறினா வண்டி மாறாம லிட்டில் இந்தியா.

ஆவணக்காரி:
சரியாகச் சொன்னீர்கள் செல்வம். திருப்பிப் போட்ட வரிசைதான் நல்லது, அதையே எடுத்துக்கொள்ளுங்கள் மதி.

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். ஒருவரே எல்லா இடத்திலும் பேசினால் மற்றவர்கள் மாணவர்களாகிவிடுவார்கள். ஐந்து இடத்தையும் ஐந்து பேருக்குப் பத்து நாளுக்கு முன்பே பிரித்துக் கொடுங்கள். ஆளுக்கு நான்கு நிமிடம், மூன்று செய்தி, ஒரு கேள்வி. அதன் பிறகு பத்து நிமிடம் அவரவர் விருப்பப்படி சுற்றிப் பார்க்கட்டும். பேசியவரிடம் மற்றவர்கள் தாமாகவே வந்து கேள்வி கேட்பார்கள். வெட்கப்படுகிறவருக்கு அறிமுகம் இப்படித்தான் எளிதாக நடக்கும். தலைப்புக் கொடுக்கும்போது, தியான் ஹோக் கெங்கை இந்துவுக்கும் மாரியம்மன் கோயிலை முஸ்லிமுக்கும் கொடுத்துப் பாருங்கள். தயாரிப்பு ஆழமாக இருக்கும்.

இதற்கு யாரும் பணம் வாங்கக் கூடாது. கட்டணம் வாங்கிக்கொண்டு வழிகாட்ட வேண்டுமானால் சிங்கப்பூர் சுற்றுலாக் கழகத்தின் உரிமம் வேண்டும். சாப்பாட்டுச் செலவைப் பிரித்துக்கொள்வது வேறு, வழிகாட்டுக் கட்டணம் வேறு. கணக்கில் இரண்டையும் கலக்காதீர்கள்.

தேக்கா நடையன்:
சாப்பாட்டைப் பற்றி. உலாவை விட அதற்குப் பிந்திய ஒரு மணி நேரம்தான் நட்புக்கு முக்கியம். ‘முடிந்ததும் விருப்பமுள்ளவர்கள் சாப்பிடலாம்’ என்று அறிவித்தால் பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். ‘9.30 முதல் 1.30 வரை, சாப்பாடு உட்பட’ என்றே போடுங்கள். இடத்தின் பெயரும் அறிவிப்பிலேயே இருக்க வேண்டும். முடிந்த இடத்தில் நின்று ‘எங்கே போகலாம்?’ என்று பத்துப் பேர் யோசிக்க ஆரம்பித்தால் கால் மணி நேரத்தில் நால்வர் விடைபெற்றுவிடுவார்கள்.

ஏமோய் ஸ்திரீட் உணவங்காடி அலுவலகக்காரர்களை நம்பி நடப்பது, ஞாயிறில் பல கடைகள் மூடியிருக்கும். மேக்ஸ்வெல்லில் கூட்டமும் அதிகம், சைவமும் ஹலாலும் தேட வேண்டும். லிட்டில் இந்தியாவின் தேக்கா நிலையத்தில் சைவம், ஹலால் இரண்டும் எளிது, விலையும் எல்லோருக்கும் கட்டும். ஆனால் 12.15க்குள் உட்கார்ந்துவிட வேண்டும். இரண்டு பேர் முன்னால் ரயிலேறிப் போய் அடுத்தடுத்த இரண்டு மேசைகளில் டிஷ்யூ பொட்டலம் வைத்துப் பிடித்துக்கொள்ளட்டும். ஞாயிறு மாலையில் அங்கே பத்துப் பேருக்கு இடம் தேடுவது வீண். சாப்பிட்ட தட்டை எடுத்துவைப்பது 2021 முதல் கட்டாயம், அதையும் புதியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

ஒருவரே எல்லோருக்கும் வாங்கிப் பிறகு கணக்குப் பார்ப்பது வேண்டாம். அவரவர் தட்டுக்கு அவரவர் காசு. டீயை மட்டும் முறை வைத்து ஒருவர் வாங்கட்டும். ‘அடுத்த முறை நான் வாங்குறேன்’ என்று ஒரு பேச்சு வந்துவிட்டால் அடுத்த முறைக்கு அவர் வந்துவிடுவார்.

அரங்கு வரிசை:
நாடகம், நாட்டியம் பற்றி யாரும் பேசவில்லையே. முதல் உலாவாக நாடகத்தை வைக்க வேண்டாம். இரண்டு மணி நேரம் இருட்டில் வாய் திறக்காமல் உட்கார்ந்துவிட்டு, பத்து மணிக்கு வெளியே வந்ததும் உட்லண்ட்ஸ்காரர் கடைசி ரயிலைப் பற்றி யோசிப்பார். பேச்சே நடக்காது. மூன்றாவது அல்லது நான்காவது சந்திப்பாக வைத்தால் நாடகம் அருமையான வாய்ப்பு. அதற்குள் ஒருவரையொருவர் தெரியும், கதையைப் பற்றித் துணிந்து சண்டை போடலாம்.

எட்டு மணிக் காட்சி என்றால் 6.30க்கே கூடிச் சாப்பிட்டுவிடுங்கள். முடிந்தபின் அரங்க வாசலில் அரை மணி நேரம் நின்று பேசினால் போதும். மூன்று மணிப் பகல் காட்சி கிடைத்தால் அதையே எடுங்கள், மாலை முழுவதும் உங்களுடையது.

இலவசமாகத் தொடங்க வேண்டுமென்றால் நவம்பரில் எஸ்பிளனேட் கலை அரங்கத்தின் இந்தியக் கலை விழாவான கலா உற்சவம். கட்டண அரங்குக்கு வெளியே, திறந்தவெளி அரங்கிலும் உள்கூடத்திலும் இலவச நிகழ்ச்சிகள் இருக்கும். ஏப்ரலில் வளர்தமிழ் இயக்கத்தின் ஆதரவில் தமிழ்மொழி விழா மாதம் முழுக்க நடக்கும். பெரும்பாலானவை இலவசம், பதிவு மட்டும் கேட்பார்கள். பட்டியலுக்குத் தமிழ் முரசு நாளிதழைப் பாருங்கள். அந்த மாதம் ஒரே நாளில் மூன்று நிகழ்ச்சி மோதும், அதனால் மார்ச் கடைசியிலேயே முடிவு செய்யுங்கள்.

டிக்கெட்டில்தான் குழுக்கள் உடையும். ஒருவர் பத்து டிக்கெட் வாங்கி, மூவர் வராமல், அந்தக் காசைக் கேட்கவும் முடியாமல் அவர் மனம் கசந்து விலகுவார். பேநவ் வழியே பணம் வந்து சேர்ந்தபின்தான் டிக்கெட் என்று முதல் நாளே விதி போடுங்கள். வர முடியாதவருக்குப் பணம் திருப்பிக் கிடையாது, காத்திருப்போர் வரிசையில் அடுத்தவருக்கு அவரே டிக்கெட்டைக் கைமாற்றலாம்.

சிங்கப்பூரர்களுக்குக் கலை, மரபுடைமை நிகழ்ச்சிகளுக்காக அரசு தந்த எஸ்ஜி கல்ச்சர் பாஸில் 100 வெள்ளி இருக்கிறது. 2025இல் 18 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு, 2025 செப்டம்பர் 1 முதல் 2028 டிசம்பர் 31 வரை செல்லும். ஆனால் அவரவர் சிங்பாஸ் மின்னடையாளக் கணக்கில் நுழைந்துதான் பயன்படுத்த முடியும், அதனால் அவரவர் டிக்கெட்டை அவரவரே வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வாங்குபவர் வரிசை எண்ணைக் குழுவில் போட்டு, மற்றவர்கள் அடுத்தடுத்த இருக்கைகளை ஒரு மணி நேரத்துக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். மறுநாள் வரை விட்டால் ஆளுக்கொரு மூலையில் உட்கார வேண்டியதுதான்.

கிராஞ்சி செல்வம்:
இங்க ஒண்ணு கவனிக்கணும். அந்தப் பாஸ் குடிமக்களுக்கு மட்டும். அரும்பொருளகமும் அப்படித்தான்: கேம்பல் லேன் இந்திய மரபுடைமை நிலையம், தேசிய கலைக்கூடத்தின் பொது நுழைவு எல்லாம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவசம், மத்தவங்க கட்டணம் கட்டணும். ஒரே குழுவுல ஒருத்தர் சும்மா உள்ள போக, இன்னொருத்தர் வரிசையில நின்னு காசு கட்டுறது மனசுக்கு என்னவோ மாதிரி இருக்கும். அதுக்கு வழி, ஆறு உலாவுல நாலு எல்லாருக்கும் இலவசமா இருக்கணும், கட்டணம் உள்ளது ரெண்டுக்கு மேல வேண்டாம். கட்டண நாள்ல மொத்தத் தொகையை எல்லாரும் சமமாப் பிரிச்சுக்கலாம்னு தொடர் ஆரம்பிக்கும்போதே ஒத்துக்கிட்டா யாருக்கும் கூச்சம் இருக்காது.

அப்புறம், ‘என்ன பாஸ்ல இருக்கீங்க, எவ்வளவு சம்பளம், சொந்த வீடா வாடகையா’ இந்தக் கேள்விகளை முதல் மூணு சந்திப்புக்கு யாரும் கேக்கக் கூடாதுன்னு சொல்லிடுங்க. நம்ம ஆளுங்க அக்கறையாத்தான் கேப்பாங்க. ஆனா பதில் சொன்ன நிமிஷமே மேல கீழன்னு ஒரு கோடு விழுந்துரும். வயசு குறைஞ்சவரா இருந்தாலும் ‘நீங்க’ன்னே கூப்பிடணும். நாலு வாரத்துல ‘தம்பி’, ‘அக்கா’ தானா வரும், அது வேற.

பொங்கோல் மதி:
செல்வம் அண்ணா, மிக முக்கியமான விஷயம், நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. தனியாக வரும் பெண்களுக்கு நம்பிக்கை தர என்ன செய்யலாம்? தெரிந்தவர்கள் இருவர் சேர்ந்து வந்தால் அவர்களுக்குள்ளேயே பேசிக்கொள்வார்களே, அதை எப்படித் தவிர்ப்பது?

சமூக மன்ற உமா:
இரண்டு அமைப்பாளர்கள் வேண்டும், அதில் ஒருவர் பெண். அறிவிப்பில் இருவர் பெயரும் இருக்கட்டும். கூடுமிடமும் முடியுமிடமும் எம்ஆர்டி நிலையமாக இருக்க வேண்டும். யார் வீட்டிலும் சந்திப்பு வேண்டாம், முதல் தொடர் முடியும்வரையாவது. குழுவில் எண்ணை எடுத்துத் தனிச்செய்தி அனுப்பக் கூடாது, நேரில் கேட்டுச் சம்மதம் வாங்கிய பிறகு அனுப்பலாம். ஒருவர் மீறினால் அமைப்பாளர் அன்றே கூப்பிட்டுப் பேச வேண்டும். ‘சரி, பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போட்டால் அந்தப் பெண் எதுவும் சொல்லாமலே குழுவை விட்டுப் போய்விடுவார், அவரோடு இன்னும் இருவர் போவார்கள்.

ஜோடியாக வருபவர்களுக்கு: இடம் மாறும்போதெல்லாம் நடைத்துணையை மாற்றுங்கள். மாரியம்மனில் இருந்து ஜாமிஆ ஒரு ஜோடி, ஜாமிஆவில் இருந்து அல் அப்ரார் வேறு ஜோடி. நடந்துகொண்டே பேசும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, கூச்ச சுபாவக்காரருக்கு அது பெரிய உதவி. கணவன் மனைவியும் பிரிந்தே நடக்கட்டும். சட்டையில் ஒட்டும் தாளில் பெயரும் பேட்டையும் மட்டும் எழுதுங்கள்: ‘கவிதா, ஈசூன்’. பேட்டைப் பெயரைப் பார்த்ததும் ‘எந்தப் புளோக் பக்கம்?’ என்று பேச்சு தானே தொடங்கும். திரும்பும்போது ஒரே பாதையில் ரயில் ஏறும் துணையும் கிடைக்கும். அந்த ரயில் பயணமும் உங்கள் 50 மணி நேரக் கணக்கில் சேரும்.

வாட்ஸ்அப் பற்றி. அறிவிப்புக்கு ஒரு குழு, அதில் அமைப்பாளர் மட்டும் எழுதலாம். அரட்டைக்கு வேறு குழு. இரண்டையும் ஒன்றாக வைத்தால் காலை வணக்கப் படங்களுக்கும் முன்னனுப்பிய காணொளிகளுக்கும் நடுவே கூடும் நேரம் புதைந்துபோகும், பிறகு எல்லோரும் குழுவை ஒலியடக்கிவிடுவார்கள். வருகை வாக்கெடுப்பு திங்கள் தொடங்கி வியாழன் இரவு ஒன்பதுக்கு முடியட்டும். சனிக்கிழமை மாலை இடக்குறியீட்டோடு ஒரே ஒரு நினைவூட்டல். படம் எடுத்தால் பொதுவில் போடும் முன் கேளுங்கள். முதலாளிக்கோ வீட்டுக்கோ தெரிய வேண்டாம் என்று நினைப்பவர் இருக்கலாம்.

அரங்கு வரிசை:
பெரிய திருவிழாக்களையும் புது குழுவின் உலாவாக வைக்காதீர்கள். தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலில் இருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை கூட்டமும் ஓசையும், பக்கத்தில் இருப்பவர் சொல்வது கேட்காது, அரை மணியில் ஆளுக்கொரு பக்கம் சிதறிவிடுவீர்கள். ஒரு தொடர் முடித்த குழு என்றால் வேறு கதை. தண்ணீர்ப் பந்தலில் தொண்டுக்குச் சேர்ந்தால் ஒரே நாளில் ஆறு மணி நேரம் தோளோடு தோள் நின்று வேலை செய்யலாம். மூன்று உலா தராத நெருக்கத்தை அது தரும்.

தேக்கா நடையன்:
மதி கேட்ட ‘மூன்றாம் மாத வாட்டம்’ பற்றி யாரும் நேராகச் சொல்லவில்லை. பெரும்பாலும் இரண்டு காரணம்.

ஒன்று நாட்காட்டி. செப்டம்பர், அக்டோபரில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதும் பிள்ளைகள் உள்ள வீட்டார் வரமாட்டார்கள். பிறகு தீபாவளி. டிசம்பரில் பாதிச் சனம் இந்தியாவில். ஜூனிலும் பள்ளி விடுமுறை. ஆகஸ்டில் தொடங்கும் குழு மூன்றாம் மாதம் சரியாகத் தீபாவளியில் போய் முட்டும். பிப்ரவரியில் தொடங்குங்கள். ஏப்ரல் தமிழ்மொழி விழா நடுவில் வரும். பெரிய உலா நான்கு மே மாதத்துக்குள் முடியும், ஜூனை விட்டுவிட்டு மீதி இரண்டையும் ஜூலை, ஆகஸ்டில் முடிக்கலாம்.

இன்னொன்று அமைப்பாளர் களைத்துப்போவது. இடம் தேடுவது, நினைவூட்டுவது, காசு வசூலிப்பது எல்லாம் ஒருவர் தலையில் இருந்தால் மூன்றாவது முறை அவருக்கே சலித்துவிடும். இரண்டாவது உலாவின் சாப்பாட்டு மேசையிலேயே நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் பொறுப்பாளரைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘யாராவது எடுத்துக்கங்க’ என்று குழுவில் எழுதினால் யாரும் எடுக்கமாட்டார்கள்.

மழைக்கு மாற்றிடம் ஒவ்வொரு அறிவிப்பிலும் இருக்க வேண்டும். தெலுக் ஆயர் உலாவுக்கு எம்பிரஸ் பிளேஸ் ஆசிய நாகரிக அரும்பொருளகம் அருகில் இருக்கிறது. லிட்டில் இந்தியா உலாவுக்கு மரபுடைமை நிலையம், திங்கள் மட்டும் மூடியிருக்கும். இடி மின்னல் என்றால் குடையை நம்பி நடக்காதீர்கள், கடைகளுக்கு முன்னால் கூரையோடு இருக்கும் ஐந்தடி வழிக்குள் ஒதுங்குங்கள். பத்துப் பேருக்கு மேல் அரும்பொருளகம் போவதாக இருந்தால் இரண்டு வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்புங்கள். தமிழில் விளக்க ஆள் உண்டா என்றும் அதிலேயே கேளுங்கள்.

ஆவணக்காரி:
ஐந்தாவது உலாவுக்குப் புலாவ் உபின் தீவை வையுங்கள். சாங்கி படகுத்துறையில் படகு 12 பேர் சேர்ந்தால்தான் கிளம்பும், ஆளுக்கு 4 வெள்ளி. உங்கள் குழுவே கிட்டத்தட்ட ஒரு படகு. சில்லறைப் பணம் எடுத்துப் போங்கள். தீவில் கம்பத்து (கிராமத்து) வீடுகள், சீனத் தெருக்கூத்து மேடை, செக் ஜாவா கரை. நாள் முழுக்கச் சேர்ந்திருப்பதால் ஆறேழு மணி நேரம் கணக்கில் ஏறும்.

பொங்கோல் மதி:
எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். முதல் அறிவிப்பு இது, திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

‘பிப்ரவரி முதல் ஞாயிறு, காலை 9.30 முதல் 1.30 வரை, சாப்பாடு உட்பட. கூடுமிடம் சைனாடவுன் எம்ஆர்டி, பகோடா ஸ்திரீட் பக்க வாயில். 9.40க்கு நடை தொடங்கும். ஐந்து வழிபாட்டிடங்கள், மெதுவான நடை. முடிவு தேக்கா நிலையம். நுழைவுக் கட்டணம் இல்லை, சாப்பாட்டுக்கு 10 வெள்ளி போதும். எளிதில் கழற்றும் காலணி, முழங்கால் மறைக்கும் உடை, குடை, தண்ணீர். மழை என்றால் ஆசிய நாகரிக அரும்பொருளகம். குடிமக்கள், நிரந்தரவாசிகள் தவிர மற்றவர்களின் கட்டணத்தை எல்லோரும் சமமாகப் பிரித்துக்கொள்வோம். ஆறு உலாத் தொடர், 14 இடம் மட்டும்.’

சமூக மன்ற உமா:
நன்றாக இருக்கிறது மதி. இரண்டு அமைப்பாளர்கள் பெயரையும் சேருங்கள், தாமதமாக வருபவர் 9.40க்குப் பிறகு நேராக மாரியம்மன் கோயில் வாசலுக்கு வரலாம் என்று ஒரு வரியும் போடுங்கள். படி ஏற முடியாதவர்கள் முன்கூட்டிச் சொன்னால் கிராஸ் ஸ்திரீட் வழியே கூட்டிப் போக ஒருவரை இப்போதே நியமித்துவிடுங்கள்.

கிராஞ்சி செல்வம்:
விடுதித் தம்பிமாருக்கு நானே இந்த அறிவிப்பை அனுப்புறேன். அதுல நாலு இடம் ஒதுக்கி வைங்கம்மா. சில பேருக்கு ஞாயிறு வேலை இருக்கா இல்லையான்னு சனிக்கிழமை சாயங்காலம்தான் தெரியும், அவங்களுக்கு மட்டும் வாக்கெடுப்பைச் சனி ராத்திரி வரைக்கும் திறந்து வைங்க.